கேம் தண்டும் ராக்கர் கையும்

கேம் தண்டு (கேம் ஷாஃப்ட்) என்பது நான்கு வீச்சுப் பொறியின் வால்வுகளை உரிய நேரத்தில் திறக்கும் சுழல் தண்டு ஆகும். கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது இது ஒருமுறை சுற்றும். கேமின் தள்ளுதலை வால்வுக்குக் கொண்டு சேர்க்கும் நெம்புகோல் ராக்கர் கை (ராக்கர் ஆர்ம்) எனப்படும். வால்வை மீண்டும் மூடுவது சுருள்வில் ஆகும். பொறியின் திறனைக் கூட்ட இப்பாகங்களை மாற்றுவது உண்டு. எனினும் இவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், ஒரே தொகுதியாகவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

புல்லட் பொறி

1955 இல் சென்னையில் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் நெடுங்காலம் தயாரித்த புல்லட் 350 இன் வார்ப்பிரும்பு சிலிண்டர் பொறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இதன் சிலிண்டர் விட்டம் 70 மிமீ, வீச்சு நீளம் 90 மிமீ, கொள்ளளவு 346 கனசெமீ. உள்ளிழு வால்வுக்கும் வெளியேற்று வால்வுக்கும் தனித்தனிக் கேம்கள் உண்டு. அவை பற்சக்கரங்களால் இயங்கி, டேப்பட், புஷ் ராடு, ராக்கர் கை வழியாக வால்வுகளைத் திறக்கின்றன. 2008 இல் அறிமுகமான ஒருங்கிணைந்த பொறியில் புஷ் ராடு தொடர்ந்தது. டேப்பட்டுகள் மட்டும் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தாமே சரிசெய்பவையாக மாறின.

திறப்புக் காலம்

வால்வு திறந்திருக்கும் கால அளவு கிராங்க் தண்டின் பாகைகளில் அளக்கப்படுகிறது. நீண்ட திறப்புக் காலம் கொண்ட கேமில் உள்ளிழு வால்வு தாமதமாக மூடும். உயர் வேகத்தில், விரைந்து வரும் கலவை தன் நிலைமத்தால் மேலும் உட்புகும். எனவே திறன் கூடும். குறைந்த வேகத்திலோ மேலெழும் பிஸ்டன் கலவையின் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடும். எனவே முறுக்குவிசை குறையும். திண்டுக்கல் சமவெளியிலிருந்து சிறுமலைக்கோ, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கோ ஏறும் வண்டிக்குத் தேவைப்படுவது இந்தக் குறைந்த வேக முறுக்குவிசையே. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்குத் தேவை வேறு.

வீச்சு நீளம் இடும் எல்லை

சராசரிப் பிஸ்டன் வேகம் = 2 × வீச்சு நீளம் × ஒரு நொடிக்கான சுற்றுகள்

புல்லட் 350 நிமிடத்துக்கு 5500 முறை சுற்றும்போது இவ்வேகம் நொடிக்கு 16.5 மீட்டர் ஆகும். 2018 இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு 650 இரட்டைச் சிலிண்டர் பொறியின் வீச்சு நீளம் 67.8 மிமீ மட்டுமே. அது ஏறத்தாழ இதே பிஸ்டன் வேகத்தை 7250 சுற்றில்தான் எட்டுகிறது. எனவே 7000 சுற்றில் திறன் தரும் கேமைப் பழைய புல்லட்டில் பொருத்தினால், அதன் பயன் கிட்டும் முன்பே பொறி தன் எல்லையை அடைந்துவிடும்.

ராக்கர் விகிதம்

வால்வு உயர்வு = கேம் உயர்வு × ராக்கர் விகிதம்

எடுத்துக்காட்டாக, கேம் உயர்வு 7 மிமீ எனில், 1.2 விகிதத்தில் வால்வு 8.4 மிமீ உயரும், 1.35 விகிதத்தில் 9.45 மிமீ உயரும். கேமை மாற்றாமலே உயர்வைக் கூட்ட இது வழியாகும். ஆனால் வால்வின் முடுக்கமும் கேமின் மீதான சுமையும் சேர்ந்தே கூடும். வால்வு விட்டத்தின் கால்பங்கு உயர்வில், வால்வைச் சுற்றியுள்ள திறப்பின் பரப்பு வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் உயர்த்துவதால் பயன் குறைவு.

பொருத்தும் முன் சோதிக்க வேண்டியவை

* மேல்முனையருகே பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் மீது மென்களிமண் வைத்து, பொறியைக் கையால் சுற்றி, பதிவை அளக்கலாம்.
* முழு உயர்வில் சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமை.
* சுருள்வில்லின் வலிமை. அது போதாவிடில் உயர் வேகத்தில் வால்வு கேமைப் பின்பற்றாமல் மிதந்து, பிஸ்டனில் மோதக்கூடும்.
* பாதி உயர்வில் ராக்கர் முனை வால்வுத் தண்டின் நடுவில் படிதல். இது புஷ் ராடின் நீளத்தையும் பொறுத்தது.

பொதுச் சாலையில் ஓடும் வண்டிகளின் மூல விவரக்குறிப்புகளை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* வால்வு
* ராயல் என்ஃபீல்டு