ஓரிக்கையில் பெரியவர்

திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ அரசன் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். ஆழ்வாரும் உடன் கிளம்பினார். பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்கிறது வைணவ மரபு. காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில்தான் இன்று காஞ்சி மடத்தின் மகா பெரியவரின் மணிமண்டபம் நிற்கிறது.

முழுக்கக் கருங்கல் வேலை. விமானத்தின் உயரம் 100 அடி. 2011 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது. ருத்ராட்ச மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், மணி மணியாகக் கல்லில் செதுக்கிய ருத்ராட்சங்கள். இவ்வளவு கடினமான கல்லில் அந்த முள் முள்ளான மேற்பரப்பைக் கொண்டுவந்த சிற்பிகளின் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1894-ல் விழுப்புரத்தில் பிறந்த சுவாமிநாதன், 1907-ல் பன்னிரண்டு வயதில் பீடமேறி சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஆனார். 1994 ஜனவரி 8-ல் சித்தியடைந்தார். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரில் மடம். ஆனாலும், புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு வேண்டாம் என்று பக்தர்களிடம் சொன்னவர் அவர்.

மண்டபத்துக்கு வருகிறவர்களின் பேச்சு சீக்கிரமே அவருடைய ஞானதிருஷ்டிக்குப் போய்விடும். கேட்காமலே மனத்தில் இருந்ததைச் சொன்னார், வரப்போவதை முன்பே சொன்னார் என்று வீட்டுக்கொரு கதை உண்டு. இவற்றுள், தொடர்புடையவரே சில ஆண்டுகளுக்குள் அச்சேற்றியது ஒன்று. 1931 ஜனவரியில் ஆங்கிலப் பத்திரிகையாளர் பால் பிரண்டனை, எழுத்தாளர் கே.எஸ். வேங்கடரமணி செங்கல்பட்டு முகாமுக்கு அழைத்துப் போனார். தனக்கு ஒரு குரு வேண்டும் என்றார் பிரண்டன். திருவண்ணாமலை ரமண மகரிஷியைப் பார்க்காமல் தென்னாட்டை விட்டுப் போகாதே என்றார் பெரியவர். அன்றிரவு சென்னையில் விழித்துக்கொண்டபோது, இருட்டறையில் பெரியவரின் உருவம் தெளிவாகத் தெரிந்ததாக பிரண்டன் தம் நூலில் எழுதியிருக்கிறார். நூல் 1934-ல் லண்டனில் வெளிவந்தது. ரமணாசிரமத்தை மேலைநாடுகள் அறிந்தது பெரும்பாலும் அதனால்தான். அந்தக் காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்குப் பெரிதாகப் படுவது, நாடி வந்தவரைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளாமல் இன்னொரு ஞானியிடம் அனுப்பிவைத்த மனம்.

இத்தகைய அனுபவங்களை உடனுக்குடன் பதிந்துவைத்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. அதே 1931-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் எட்கர் கேசி ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கினார். உறங்குவதுபோல் படுத்தபடி, கேட்டவர்களின் நோய்க்கும் கேள்விக்கும் பதில் சொன்னவர் அவர். பக்கத்தில் அமர்ந்து கிளாடிஸ் டேவிஸ் என்ற செயலாளர் அவற்றைச் சுருக்கெழுத்தில் எடுத்தார். 14,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கேசியை ஏற்காதவரும் அவற்றைப் படித்துத் தம் முடிவுக்கு வரலாம்.

பெரியவரின் உரைகளுக்கு இப்படிப் பதிவாகும் பாக்கியம் கிடைத்தது. ரா. கணபதி அவற்றை ‘தெய்வத்தின் குரல்’ என்று ஏழு பகுதிகளாகத் தொகுத்துத் தந்தார். அவரிடம் பக்தர்கள் பெற்ற அனுபவங்களுக்கோ அது முழுதாகக் கிடைக்கவில்லை. அச்சான பல கதைகளிலும் தேதி இல்லை, ஊர் இல்லை.

அவரை நேரில் தரிசித்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ அவர்களில் ஒருவர் என்றால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், எந்த ஊர் முகாம், உடன் யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

(தொடரும்)