பறங்கி, பீரங்கி, போபர்ஸ்

அயோத்தியாப்பட்டணத்துக் காய்கறிக் கடையில் ‘பரங்கிக்காய் இருக்கா?’ என்று கேட்டால் கடைக்கார அம்மா ஒரு கணம் நம்மை வெளியூர் ஆள் போலப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் அது அரசாணிக்காய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த காய்க்கு அரசமரியாதையோடு ஒரு பெயரைச் சூட்டிவிட்டார்கள் நம் ஆட்கள். கடலோரத்துக்காரர்கள் அப்படியெல்லாம் மெனக்கெடவில்லை. கொண்டுவந்தவன் பறங்கி, ஆகவே காயும் பறங்கி.

பறங்கி யார்? ஐரோப்பாவில் ‘ஃபிராங்க்’ என்றொரு இனக்குழு இருந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த எல்லோரையும் அந்த ஒரே பெயரால் அரேபியர் ‘இஃப்ரஞ்ச்’ என்றார்கள். பாரசீகத்தில் அது ‘ஃபரங்’ ஆனது. அந்த நாட்டவன் ‘ஃபரங்கி’. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது இந்தியக் கரையில் பெயர் தயாராகக் காத்திருந்தது. தமிழில் ‘ஃ’ உதிர்ந்து பறங்கி. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பறங்கிப்பேட்டை. அவனோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய் பறங்கிப்புண்.

அவன் கொண்டுவந்த இரும்புக் குழாய்தான் பீரங்கி. அதே ‘ஃபரங்கி’தான், தெலுங்கு வழியாகவோ உருது வழியாகவோ இன்னொரு முறை தமிழுக்குள் நுழைந்ததால் உருவம் மாறிவிட்டது. ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக வந்து, ஒரு வாசலில் ஆளாகவும் மறு வாசலில் ஆயுதமாகவும் நிற்கிறது. மராட்டியரிடம் ‘பிரங்கி’ என்றால் வாள். அதன் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதே காரணம். ஆக, பீரங்கி என்ற சொல்லுக்குள் வெடிச்சத்தம் இல்லை, குண்டு இல்லை. விற்றவன் பெயர் மட்டும் இருக்கிறது.

பறங்கிப்பேட்டையை விட்டு நகர மனம் வரவில்லை. எங்கள் ஊர் ரயில் நிலையம் சேலம்–விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை ஆத்தூரைக் கடந்து கிழக்கே போகிறது. ஆத்தூர் பக்கத்து வசிட்ட நதியும் கிழக்கே போய் வெள்ளாற்றில் விழுந்து பறங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சேலத்து இரும்புத் தாதுவும் அங்கே போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலை நிலைக்கவில்லை. பெயர் தந்தவனின் பேட்டைக்கு நம் மண்ணிலிருந்து இரும்பு போன கதை இது. எதிர்த் திசையில் பீரங்கி வந்துகொண்டிருந்தது.

இனி ஸ்வீடனுக்குப் போகலாம். அங்கே கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் 1646இல் ஒரு சம்மட்டி ஆலை ஏற்பட்டது. ஓடும் நீரின் விசையில் சம்மட்டி தூக்கி அடிக்கும் பட்டறை. பெயர் ‘பூஃபோர்ஸ்’, நம் வாயில் போபர்ஸ். ‘ஃபோர்ஸ்’ என்றால் பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடம். எந்த மலையோர ஊருக்கும் வைக்கத்தக்க சாதுவான பெயர். 1890களில் ஆல்ஃபிரட் நோபல் அந்த நிறுவனத்தை வாங்கினார். அதன் பிறகு அது பீரங்கிக்குப் பேர்போனது.

1986 மார்ச் 24 அன்று இந்திய அரசு அந்த நிறுவனத்தோடு 1,437 கோடி ரூபாய்க்கு 155 மி.மீ. பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. நடுவில் தரகர் யாரும் கூடாது என்பது அரசு போட்டிருந்த நிபந்தனை. 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி, பணம் கைமாறியிருக்கிறது என்று அறிவித்தது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் அன்றிலிருந்து ‘போபர்ஸ்’ என்பது கம்பெனி பெயர் அல்ல; ‘ஊழல்’ என்ற சொல் பின்னால் வராமலே அந்தப் பொருளைத் தரும் சொல்.

தரகு நல்ல சொல், பழைய சொல். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். மூடியிருப்பது விலைதான். பேசுகிறவர் தரகர் என்பது சந்தைக்கே தெரியும். போபர்ஸில் நடந்தது நேர்மாறு: விலை ஊரறிந்தது, தரகர் துண்டுக்குள். பணம் கொடுத்ததை நிறுவனம் மறுக்கமுடியாமல் போனபோது, ‘ஏற்கெனவே இருந்த முகவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிய செலவு’ என்று அதற்கொரு பெயர் வைத்தது. ஸ்விஸ் வங்கிக் கணக்குகளுக்கோ இன்னும் அழகான பெயர்கள்: லோட்டஸ், டூலிப், மோன் பிளாங். இரண்டு பூவும் ஒரு மலையும். நிறுவனத் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்பில் ஆட்கள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தார்கள்.

இதையெல்லாம் காட்டிய காகிதங்கள் ஜெனீவாவிலிருந்த பத்திரிகையாளர் சித்ரா சுப்ரமணியம் வழியாக ‘தி இந்து’வில் வெளிவந்தன, பிறகு அவர் வேறு ஏடுகளுக்கு எழுதினார். காகிதங்களைக் கொடுத்தவர் யார் என்பது இருபத்தைந்து ஆண்டு வெளியே வரவில்லை. 2012 ஏப்ரலில் கொடுத்தவரே முன்வந்து சொன்னார்: ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், அந்த வழக்கை விசாரித்த ஸ்வீடன் காவல்துறையின் தலைமை அதிகாரி. கொடுத்தவை சுமார் 350 ஆவணங்கள். அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்குச் சான்று இல்லை, மூடிமறைக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே தன் குற்றச்சாட்டு என்றும் அப்போது சொன்னார். அதற்குள் வழக்கே நீர்த்துப்போயிருந்தது. 64 கோடி லஞ்சத்தைத் துரத்த 250 கோடி செலவானதைச் சுட்டிக்காட்டி, தரகர் என்று குற்றம்சாட்டப்பட்ட இத்தாலியர் குவாத்ரோக்கியை 2011இல் தில்லி நீதிமன்றம் விடுவித்திருந்தது.

லிண்ட்ஸ்ட்ரோமைத் தமிழில் என்னவென்று அழைப்பது? நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஆங்கிலேயர் ‘விசில் ஊதுபவர்’ என்கிறார்கள். ஆட்டத்தில் தப்பைக் கண்டதும் நடுவர் ஊதுவது. நமக்கு விசில் என்றால் தியேட்டர். ‘விசிலடிச்சான் குஞ்சு’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிறவன். மற்ற சொற்களைப் பாருங்கள்: கோள் சொன்னான், காட்டிக்கொடுத்தான், போட்டுக்கொடுத்தான். ஒவ்வொன்றும் சொன்னவன் மீதே எச்சில் துப்புகிறது. திருடியவனுக்கு வசையாக எத்தனை சொல் உண்டோ, அதற்குக் குறையாமல் திருட்டைச் சொன்னவனுக்கும் வைத்திருக்கிறோம். மரியாதையாக ஒன்று தேறுகிறது: அம்பலப்படுத்தியவர். அம்பலம் என்றால் ஊர் கூடும் மன்று. பறங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில்தான் தில்லை அம்பலமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில்கூட இடம்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

ஸ்வீடன்காரர்கள் ஆளுக்கே ஒரு சொல்லைக் கொடுத்தார்கள். இந்திய ஒப்பந்தத்துக்கு முன்பே, அதே போபர்ஸின் பொறியாளர் இங்வார் பிராட், நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக வேறு நாடுகளுக்கு ஏவுகணை அனுப்பியதை வெளியே சொன்னார். நிறுவன ரகசியங்கள் பற்றிப் பிறகு 1990இல் வந்த சட்டத்தை அங்கே ‘லெக்ஸ் பிராட்’, அதாவது பிராட் சட்டம், என்றே அழைத்தார்கள். நம்மிடமும் முறைகேட்டைச் சொல்வோரைப் பாதுகாக்க ஒரு சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு பல ஆண்டுகளாகியும் வரவில்லை. நெடுஞ்சாலை முறைகேட்டை எழுதிக் கொடுத்து 2003இல் கொல்லப்பட்ட பொறியாளர் சத்யேந்திர துபேயின் பெயரும் அதற்கு வாய்க்கவில்லை.

பீரங்கியின் கதை மட்டும் முன்னே போய்விட்டது. 1999 கார்கில் போரில் போபர்ஸ் பீரங்கி நன்றாகவே சுட்டது. பீரங்கியோடு வந்த வரைபடங்கள் ஊழல் பேச்சில் கிடப்பில் போடப்பட்டு, பல ஆண்டு கழித்து ஜபல்பூர் ஆலையில் தூசி தட்டப்பட்டன. அதிலிருந்து பிறந்த பீரங்கிக்குப் பறங்கிப் பெயர் வேண்டாம் என்று ‘தனுஷ்’ என வைத்தார்கள். வில். எங்கள் ஊர்க் கோயிலில் இராமன் கையில் இருக்கிற கோதண்டமும் அதுதான். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று என்பதால் இப்படிப்பட்ட பெயர்களை இனி எங்கள் பக்கத்திலும் அடிக்கடி கேட்போம்.

தனுஷின் முதல் ஆறு பீரங்கிகள் 2019 ஏப்ரலில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2017இல், அதன் பேரிங்குகளைப் பற்றி சிபிஐ ஒரு வழக்குப் பதிந்தது. சீனாவில் செய்த பேரிங்கின் மேல் ‘ஜெர்மனியில் செய்தது’ என்று பொறித்து விற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.