சபாரியும் சபராளியும்

மலேசியாவின் பீடோர் பள்ளிப் பிள்ளைகளைத் தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னால், ‘நைட் சபாரி’யும் உண்டா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சிங்கப்பூர் 1994இல் தன் இரவுச் சபாரியைத் திறந்ததிலிருந்து, இந்தப் பக்கத்தில் சபாரி என்றால் இருட்டில் வண்டியில் உட்கார்ந்து புலி பார்ப்பது என்றே பொருள் நிலைத்துவிட்டது. தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் செரெங்கெட்டிப் புல்வெளியும் கூரை திறந்த ஜீப்பும் நினைவுக்கு வரும். இரண்டிலும் விலங்கு இருக்கிறது. சொல்லின் பிறப்பிலோ விலங்கே இல்லை.

சபாரி சுவாகிலிச் சொல். கென்யாவிலும் தான்சானியாவிலும் அதற்குப் பயணம் என்பதுதான் பொருள். அக்காள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேருந்து ஏறிப் போனால் அதுவும் சபாரிதான். வழியனுப்புகிறவர் ‘சபாரி ஞ்ஜெமா’ என்பார்; நல்லபடியாகப் போய்வா என்று பொருள். ‘குசபிரி’ என்றால் பயணம் போதல். ‘ம்சபிரி’ என்றால் பயணி.

இங்கே ஒரு பொய்ச்சொந்தத்தை விலக்கிவிட வேண்டும். யானைச் சவாரி, குதிரைச் சவாரி என்று நாம் புழங்கும் சவாரியும் சபாரியும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். முதுமலைக்குப் போய்வந்தவர்கள் வேன் சவாரி என்றும் வேன் சபாரி என்றும் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். சவாரி பாரசீகத்திலிருந்து வந்தது. ஏறிப் போவதைக் குறிப்பது. சபாரி அரபியிலிருந்து வந்தது. அதில் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆப்பிரிக்காவில் அந்தச் சொல்லை வளர்த்தவர்கள் பெரும்பாலும் நடந்து போனவர்கள்.

அரபியில் ‘சஃபர்’ என்றால் பயணம். இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதமான சஃபர் வேறு; அரபியில் அதன் முதல் எழுத்தே வேறு, மலாயின் ரோமன் எழுத்தான ரூமியிலும் தமிழிலும் எழுதினால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பயணத்தைக் குறிக்கும் சஃபர், கப்பலேறிய திசையெல்லாம் பிள்ளை பெற்றிருக்கிறது. மேற்கே ஆப்பிரிக்கக் கரையில் அது சபாரி ஆயிற்று. கிழக்கே மலாயில் பயணிக்கு ‘முசாபிர்’ என்று பெயர் வந்தது. இந்த முசாபிர் தமிழ்நாட்டுக்கும் வந்தவர்தான். அந்தக் காலத்து அதிகாரிகள் சுற்றுப்பயணத்தில் தங்கிய கட்டடத்தை ஊரார் ‘முசாபரி பங்களா’ என்றார்கள். சாப்பாட்டு விரிப்புக்குத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் வழங்கும் ‘சுப்ரா’வும் இதே வேர்தான்: அரபியில் முதலில் வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் உணவு, பிறகு அதை விரித்து உண்ணும் தோல், பிறகு எந்த விரிப்பும்.

ஆனால் எனக்கு இந்தக் குடும்பத்திலேயே நெருக்கமான சொல் ‘சபராளி’. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறவருக்கு அந்தப் பெயர். ‘அவர் சபர்ல இருக்காரு’ என்றால் வெளிநாட்டில் சம்பாதிக்கிறார் என்று பொருள். முதலாளியில் இருக்கும் ‘ஆளி’, தொழிலாளியில் இருக்கும் அதே ‘ஆளி’, ஓர் அரபுச் சொல்லின் முதுகில் ஏறி உட்கார்ந்து பச்சைத் தமிழாகிவிட்டது. பினாங்குக்கும் ஈப்போவுக்கும் வந்து கடை வைத்தவர்கள் ஊரில் சபராளிகள். ரஜூலா கப்பலில் அவர்களோடு வந்த மற்றத் தமிழர்களைத் தோட்டத்துக்கு ஆள் என்றார்கள், கூலி என்றார்கள். பால்மரக் காட்டுக்கு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்றவருக்குப் பயணி என்று பொருள்படும் ஒரு பெயரைக்கூட யாரும் கொடுக்கவில்லை. சபராளி என்ற சொல்லை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிழைப்புக்குப் போனவனைப் போன வழியை வைத்து அழைக்கிறது அது.

சுவாகிலிச் சபாரியும் சுமை தூக்கியவர்களின் சொல்தான். சான்சிபாருக்கு எதிர்க்கரையிலிருந்து உள்நாட்டு ஏரிகள்வரை போன வணிகக் கூட்டங்கள் துணியும் மணியும் கொண்டு போயின, தந்தம் கொண்டு வந்தன. சுமந்தவர்களுக்கு ‘வபகாசி’ என்று பெயர். ஆளுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ, தலையில் அல்லது தோளில். பெரிய தந்தத்தை ஒருவர் தோளில் வைத்துக்கொள்வார்; அதன் நுனியில் மாட்டுக்குக் கட்டுவதுபோல ஒரு மணி. 1857இல் கரையிலிருந்து இந்த வழியே போன ரிச்சர்ட் பர்ட்டன் இதையெல்லாம் பார்த்து எழுதினார். சபாரி என்ற சொல்லை ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டுபோனவர்களில் அவருக்கு முதன்மையான இடம் உண்டு. வியாபாரம் கரையிலிருந்து தூரம் போகப் போக அடிமை வாணிகமும் அதே தடத்தில்தான் நடந்தது. அந்த மணிச்சத்தத்தை அழகாக மட்டும் நினைக்க முடியவில்லை.

பிறகு வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் வந்தார்கள். வேட்டைக்குக் கூடாரமும் குளியல் தொட்டியும் சுமக்க அதே ஆட்கள் வேண்டியிருந்தது, அந்தக் கூட்டத்துக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1909இல் அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 200-க்கும் மேற்பட்ட சுமைகாரர்களோடு கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கினார். அவரும் மகனும் சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 500-ஐத் தாண்டின, அருங்காட்சியகத்துக்காக என்றார்கள். செய்தித்தாள்கள் அந்தப் பயணத்தை விடாமல் எழுத, சபாரி என்றால் துப்பாக்கி என்று உலகம் படித்துக்கொண்டது. சுமந்தவன் சொல்லுக்குள்ளிருந்து இறங்கிவிட்டான், சுட்டவன் ஏறிக்கொண்டான். அந்த வேட்டை உடுப்பின் வாரிசுதான் தமிழ்நாட்டுத் தையல்காரர்கள் ஒரு காலத்தில் தைத்துத் தள்ளிய சபாரி சூட். மலேசியாவில் அரசு அதிகாரிகள் போடும் புஷ் ஜாக்கெட்டும் அதன் பங்காளிதான்.

நைரோபி தேசியப் பூங்கா 1946இல் வந்தது, சாவோ 1948இல். 1977இல் கென்யா வேட்டையையே தடை செய்தது. துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்தது, பெயர் அப்படியே நின்றது.

மலாயாவிலும் இதே மாற்றம் ஒரே ஆளின் ஆயுளுக்குள் நடந்திருக்கிறது. தியோடர் ஹப்பாக் என்ற தோட்டத்துரை செலாடாங் வேட்டையில் பேர் போனவர். யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடுவது பற்றி 1905இல் புத்தகமே எழுதினார். செலாடாங் என்பது சங்கத் தமிழ் ‘ஆமா’ என்று சொன்ன அதே பெரிய காட்டுமாடு. பின்னாளில் அவரே துப்பாக்கியை வைத்துவிட்டு, காட்டுவிலங்கு ஆணையராகி, 1932இல் நீண்ட அறிக்கை கொடுத்து, 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா அமையக் காரணமானார். விடுதலைக்குப் பின் அதுதான் தாமான் நெகாரா. ஹப்பாக் துரத்திய அந்தச் செலாடாங்கை இன்று பீடோருக்குத் தெற்கே, பக்கத்து ஊரான சுங்காயில், வனவிலங்குத் துறை வேலி போட்டு வளர்த்து இனம் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

நம் மழைக்காட்டில் ஆப்பிரிக்காபோல் ஜீப்பில் போய் விலங்கு பார்க்க முடியாது; பத்தடிக்கு அப்பால் இலைதான் தெரியும். தாமான் நெகாராவில் உப்புமண் இருக்கும் இடத்துக்கு எதிரே கால் நட்டு உயர்த்திய குடிலில் இரவெல்லாம் காத்திருப்பார்கள். அந்தக் குடிலுக்கு மலாயில் ‘பும்புன்’ என்று பெயர். இந்தக் காட்டுக்குப் பொருந்திய சொல் அதுதான், நாம் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

சபாரிக்குத் தமிழாக்கமாகக் கானுலா என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல ஆக்கம்தான், ஆனால் சொல் கடந்துவந்த தூரம் அதில் போய்விடுகிறது. நம்மிடமே இதற்கு இணையான கதை ஒன்று இருக்கிறது. சங்க இலக்கியத்தில் ‘செலவு’ என்றால் பயணம். தலைவன் பொருள் தேடிப் புறப்படுவது செலவு. அவளை நினைத்துப் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவது செலவழுங்குதல். இன்று செலவு என்றால் பணம் போவது மட்டும். பயணத்தைக் குறித்த சொல் கடைசியில் பணத்தில் போய் நிற்பது இரண்டு சொல்லுக்கும் நடந்திருக்கிறது: இன்றைய சபாரியும் கட்டணம் கட்டி வாங்குகிற ஒன்றுதானே.

ஆகவே அகராதிக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சபாரி என்ற பதிவில் ‘ஆங்கிலம்’ என்று மூலத்தைக் குறித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள். அரபு, சுவாகிலி, பிறகு ஆங்கிலம் என்று வந்த வழியை எழுதுங்கள். ‘ஒப்பு நோக்குக’ என்று போட்டுச் சபராளியையும் முசாபரியையும் சேருங்கள். ‘சஃபாரி’ என்று ஆய்த எழுத்துப் போட்டு எழுதுவதைவிடச் ‘சபாரி’ என்றே எழுதினால், அகரவரிசையில் சபராளிக்குப் பக்கத்திலேயே அது வந்து உட்காரும்.