ஒரு தேதி, மூன்று எழுத்துமுறை

இந்த மலருக்கும் கல்வெட்டுப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். கல்வெட்டுத் தேதி பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறொரு தேதி சிக்கியது, அதையே எழுதுகிறேன்.

2019-ல் என் பித்தளைப் பாத்திரக் கடைக்கு இணையப் பக்கம் போட்டோம். விலைப்பட்டியல் காலை பத்து மணிக்கு மாறும். ஒருநாள் விலையை ஏற்றினேன். மத்தியானம் மூன்றரை மணி வரை பழைய விலைக்கே போனில் ஆர்டர். "இப்பத்தானே உங்க பக்கத்துல பார்த்தேன் ஐயா" என்கிறார்கள்! பேரன் தோண்டிப் பார்த்துக் காரணம் சொன்னான்.

பக்கத்தைக் கேட்கும் கணினிக்கும் கொடுக்கும் கணினிக்கும் நடுவே போகிற ஒவ்வொரு தகவலுக்கும் மேலே சில வரிகள் உண்டு. ஹெட்டர் என்பார்கள். 'இந்த நகல் இன்ன நேரம் வரை செல்லும்', 'இன்ன நேரத்துக்குப் பின் மாறியிருந்தால் மட்டும் அனுப்பு' என்பதெல்லாம் அங்கேதான். அதில் எழுதும் நேரம் கிரீன்விச் நேரமாகவே இருக்க வேண்டும். பக்கம் செய்தவர் நம் ஊர் பத்து மணியை எழுதி, பக்கத்தில் ஜிஎம்டி என்று போட்டுவிட்டார். ஐந்தரை மணி கூடிப்போச்சு.

இதன் சரித்திரம் ருசியானது. 1982-ல் மின்னஞ்சலுக்கு வகுத்த ஆர்.எப்.சி. 822 விதியில் வருஷத்துக்கு இரண்டே இலக்கம். 1983-ல் யூஸ்நெட் செய்திகளுக்கு வந்த 850-ல் கிழமையை முழுசாக எழுதினார்கள். வருஷம் அதே இரண்டிலக்கம். சி மொழிக்காரர்கள் வருஷத்தைக் கடைசியில் வைத்தார்கள். 1989-ல் 1123-ம் விதி நாலு இலக்கம் எழுதச் சொன்னது. 1996-ல் எச்டிடிபி 1.0 விதி வெளியானபோது பழக்கத்திலிருந்த மூன்று வடிவத்தையும் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். 1997-ல் 1.1 வந்ததும், எழுதுவது ஒரே வடிவம் என்று தீர்ந்தது: 'ஸன், 06 நவ் 1994 08:49:37 ஜிஎம்டி'. வாசிப்பது மட்டும் மூன்றும். 2022-ன் ஆர்.எப்.சி. 9110-லும் இதே ஏற்பாடுதான்.

'94' என்றால் எந்த நூற்றாண்டு? நம் பிரபவ, விபவ கணக்கில் அறுபது வருஷத்துக்கொருமுறை அதே பேர் திரும்பி வருகிற சங்கடம்தான் இதுவும். அவர்கள் கண்ட வழி: இரண்டிலக்க வருஷம் ஐம்பது வருஷத்துக்கு மேல் எதிர்காலமாகத் தெரிந்தால், அதைக் கடந்த வருஷமாக எடுத்துக்கொள். வியாபாரிக்குப் பிடிக்கிற கணக்கு!

மாதப்பேரும் கிழமையும் எல்லா நாட்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம்தான். முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அது மனுஷர் வாசிக்க எழுதியதல்ல, முத்திரை போல என்று பிறகு பட்டது.

கிழமை எதற்கு என்பதுதான் என்னை விடாத கேள்வி. தேதியிலிருந்தே கிழமை வந்துவிடுமே. நம் சாசனங்களில் ஆட்சியாண்டோடு கிழமை, திதி, நட்சத்திரம் சொல்லியிருப்பதால்தான், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளை வைத்து நாளைப் பிடிக்க முடிகிறது. ஒன்று பிசகினால் மற்றது காட்டிக்கொடுக்கும். 1994 நவம்பர் 6 ஞாயிறா என்று நானும் கணக்குப் போட்டேன், ஞாயிறேதான். ஹெட்டரிலும் கிழமை கூடவே இருக்கிறது, ஆனால் வாசிக்கிற மென்பொருள் பலவும் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. எங்கள் பக்கத்தில் கிழமை சரி, தேதி சரி, மணிதான் தப்பு. அதைக் கிழமை காட்டிக்கொடுத்திருக்காது.

பேரன் அந்த வரியை 04:30 ஜிஎம்டி என்று திருத்தினான். அன்றைக்கு வந்த ஆர்டர்களைப் பழைய விலைக்கே அனுப்பினேன்.