வானை மறைத்த கம்பி வலை

நூலும் கயிறும் கையாண்ட மக்கள் யாவரும் சிக்கலின் தொல்லையை அறிந்தவரே. தறியில் அமர்ந்த நெசவாளனும், வலையைத் தோளிற் சுமந்த மீனவனும், பாயை விரித்த மாலுமியும் தத்தம் தொழில் நேரத்தில் ஒரு பங்கைச் சிக்கெடுப்பதிலேயே கழித்தனர். தமிழிலே நூலில் விழுந்த பின்னலுக்கும் வாழ்வில் நேர்ந்த இடர்ப்பாட்டுக்கும் 'சிக்கல்' என்னும் ஒரே சொல் வழங்குவது அவ்வநுபவத்தின் பழமையைக் காட்டுகின்றது. இக்காலத்திலோ நூலின் இடத்தை மின்வடம் பிடித்துக்கொண்டது. மேசை அறையில் ஒழுங்காகச் சுருட்டி வைத்த வடம், மறுநாள் எடுக்கும்போது தன்னைத் தானே முடிந்துகொண்டு வெளிவருகின்றது.

இது கைப்பிழையால் மட்டும் நேர்வதன்று. 2007ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், ஒரு பெட்டியினுள் நூலை இட்டு, அப்பெட்டியைச் சில விநாடிகள் சுழற்றிப் பார்த்தனர். இவ்வாறு 3,415 முறை சோதித்ததில், ஏறக்குறைய அரை மீற்றருக்குக் குறைந்த நூலில் முடிச்சு விழவில்லை என்பதையும், நூல் ஒன்றரை மீற்றர் அளவினதாகும்போது இரண்டு முறைக்கு ஒருமுறை என்னும் அளவில் முடிச்சு விழுகின்றது என்பதையும் கண்டனர். சுருண்டு கிடக்கும் நூலின் கட்டற்ற முனை, பக்கத்துச் சுருள்களின் மேலும் கீழுமாகப் புகுந்து வெளிவருவதே காரணம். நீளமும், அசைவும், கட்டற்ற முனையும் ஒன்றுகூடிய இடத்தில், எவரும் கருதாமலே சிக்கல் பிறந்துவிடும்.

மேசை அறையில் நேரும் சிக்கல் சில நிமிடங்களைத் தின்னும், அவ்வளவே. ஆனால், ஒரு மாநகரத்தின் தலைக்கு மேலே கம்பிகள் சிக்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அச்சிக்கல் உயிர்களைத் தின்றது. அம்மாநகரம் நியூயோர்க், காலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி.

கம்பிகள் வானில் ஏறியதே ஒரு தற்செயல் நிகழ்ச்சி எனலாம். சாமுவேல் மோர்ஸ், வாஷிங்டனுக்கும் பால்ற்றிமோருக்கும் இடையே தந்தித் தொடர்பு அமைக்க முற்பட்டபோது, கம்பியை ஈயக் குழாயில் இட்டு நிலத்திற் புதைக்கவே எண்ணினார். அவ்வாறே சில மைல் தூரம் புதைக்கவும்பட்டது. எனினும், கம்பியின்மேற் சுற்றிய காவலி தரமற்றதாய் இருந்தமையால் மின்சாரம் கசிந்து வீணாயிற்று. அரசாங்கம் அளித்த பணமும் கரைந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றிக் கம்பங்களை நட்டு, அவற்றின் மேலே கம்பியை இழுத்தனர். 1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் முதற் செய்தி அவ்வழியே சென்றது. அவசரத்திற் கொண்ட அந்த மாற்றுவழியே பின்னர் வழக்கமாகி, ஊர்தோறும் கம்பங்கள் முளைத்தன.

1876ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். தந்திக்கு நகரங்களை இணைக்கும் சில கம்பிகள் போதுமாயிருந்தன. தொலைபேசிக்கோ, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இணைப்பு நிலையம் வரை தனித்தனிக் கம்பி வேண்டியிருந்தது. ஆயிரம் வீடெனில் ஆயிரம் கம்பி. ஆகவே, கம்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தன. நியூயோர்க் நகரின் மேற்கு வீதியிலே நின்ற கம்பங்கள் 90 அடி உயரமுடையன. ஒவ்வொன்றும் 30 குறுக்குச் சட்டங்களையும் 300 கம்பிகளையும் தாங்கி நின்றது. தந்திக் கம்பனிகள், தொலைபேசிக் கம்பனிகள், தீயறிவிப்புச் சேவை எனப் பல திறத்தாரும் ஒரே வீதியில் தத்தம் கம்பிகளை இழுத்தனர். கம்பம் கிடைக்காத இடத்தில் வீட்டுக் கூரைகளும் கம்பங்களாயின.

இத்துணைக்கும் அக்கம்பிகளில் ஓடிய மின்சாரம் வலுக் குறைந்தது. தொட்டாலும் உயிருக்குக் கேடில்லை. 1880ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிராட்வே வீதியிலே வில் விளக்குகள் ஏற்றப்பட்டபோது நிலைமை மாறிற்று. கண்ணைப் பறிக்கும் அவ்விளக்குகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ற்று அழுத்தமுள்ள மின்சாரம் தேவைப்பட்டது. அதனைக் கொண்டுசெல்லும் கம்பிகளும் அதே கம்பங்களிலே, தந்திக் கம்பிகளுக்கு அருகிலேயே கட்டப்பட்டன. அவற்றின்மேற் சுற்றிய காவலி மழையிலும் வெயிலிலும் உரிந்து தொங்கிற்று. காப்புறுதிக் கம்பனிகளின் ஒப்புதல் பெற்றதெனக் கூறி விற்கப்பட்ட ஒருவகைக் கம்பிக்கு, ஆங்கிலத்தில் ஒலியொத்த வேறொரு சொல்லை இட்டு, 'பிரேத அடக்கக்காரரின் கம்பி' என்று தொழிலாளர் கசப்புடன் பெயர் சூட்டினர். வணிகத்தில் நொடித்துப்போன கம்பனிகளின் கம்பிகளோ, கழற்றுவார் இன்றி அப்படியே தொங்கின. எக்கம்பி உயிருள்ளது, எக்கம்பி செத்தது என்பதைக் கம்பம் ஏறியவனும் கண்டறிய இயலாத நிலை உண்டாயிற்று.

மாற்று வழி இல்லாமற் போகவில்லை. 1882ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் நாள், தோமஸ் எடிசன் அதே நகரின் பேர்ள் வீதியிலே தமது மின்னிலையத்தை இயக்கியபோது, தம் கம்பிகள் அனைத்தையும் வீதியின் கீழே புதைத்திருந்தார். நீர்க் குழாயையும் வாயுக் குழாயையும் எவரும் கம்பத்தின்மேல் ஏற்றுவதில்லையே என்பது அவர் வாதம். ஆயினும், புதைப்பதற்குப் பணம் மிகுதியாகத் தேவை. கம்பம் நடுவதற்கோ சிறிது பணமே போதும். ஏனையோர் மலிவான வழியையே நாடினர்.

1884ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில், 1885 நவம்பர் முதலாம் நாளுக்கு முன்னர், கம்பிகள் யாவும் நிலத்தின் கீழ்ச் செல்லல் வேண்டும் என்பது அதன் கட்டளை. குறித்த நாளும் வந்து போயிற்று, கம்பிகள் போகவில்லை. நிலத்தின் கீழே தொலைபேசிக் குரல் மங்கும் என்றனர் சிலர். உயரழுத்த மின்சாரத்தைப் புதைத்தல் இயலாது என்றனர் வேறு சிலர். அவ்வாதங்களில் ஓரளவு உண்மையும் இருந்தது. பெரும்பாலும் செலவைத் தள்ளிப்போடும் நோக்கமே மேலோங்கி நின்றது.

1888ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் இரவில் தொடங்கிய பனிப்புயல், கம்பிகளின் வலிமையை அளந்து காட்டிற்று. பனியின் பாரமும் காற்றின் வேகமும் தாங்காது கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. கம்பிகள் வீதியிலே பின்னிக் கிடந்தன. புயலின் கொடுமையால் நியூயோர்க் நகரில் மட்டும் ஏறக்குறைய 200 பேரும், கிழக்குக் கரை முழுவதிலும் 400க்கு மேற்பட்டோரும் மாண்டனர். பக்கத்துப் பெருநகரான பொஸ்டனுடன் நேரே தொடர்பு கொள்ள முடியாது போகவே, செய்திகள் கடலடிக் கம்பி வழியே இங்கிலாந்துக்குச் சென்று திரும்பி வரவேண்டியிருந்தன. கடலின் அடியில் அத்திலாந்திக்கைக் கடந்து கிடந்த கம்பி நிலைத்தது; வீட்டு வாசலில் நின்ற கம்பி அறுந்தது.

அதன் பின்னரும் வேலை ஆமை வேகத்திலேயே நடந்தது. 1889ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள், நண்பகல் உணவு வேளையில், நகர மண்டபத்துக்கு அண்மையில், ஜோன் பீக்ஸ் என்னும் தந்திக் கம்பித் தொழிலாளி ஒரு கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பற்றிய கம்பி தந்திக்கு உரியது, தீங்கற்றதென்றே கருதத்தக்கது. ஆனால், சில வீதிகளுக்கு அப்பால் அக்கம்பி ஆடலோட்டம் பாயும் உயரழுத்தக் கம்பி ஒன்றின்மேல் விழுந்து கிடந்தது. பீக்ஸ் அக்கணமே உயிர் நீத்தார். அவர் உடல் கம்பி வலையிலே சிக்கி, ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே நெடுநேரம் தொங்கிற்று. அவரை இறக்குதற்குக்கூட எந்தக் கம்பியைத் தொடலாம் என்பது விளங்கவில்லை. பின்னர், அவர் மனைவிக்கென ஒரு தகரப் பெட்டி அக்கம்பத்தருகே வைக்கப்பட, வழிப்போக்கர் தத்தம் காசை அதில் இட்டுச் சென்றனர்.

ஐந்து ஆண்டுகளாகச் சட்டம் செய்யாததை அக்காட்சி செய்தது. பத்திரிகைகள் வெகுண்டெழுந்தன. நகர முதல்வர் ஹியூ கிராண்ட், பாதுகாப்பற்ற கம்பிகளை வெட்டி வீழ்த்துமாறு கட்டளையிட்டார். மின்கம்பனிகள் நீதிமன்றத்தை நாடித் தடையுத்தரவு பெற்றன. டிசம்பரில் அத்தடை நீங்கியதும், கோடரியும் குறடும் ஏந்திய தொழிலாளர் கம்பிகளை அறுத்துத் தள்ளினர். வீதிகள் பல சில காலம் இருளில் மூழ்கின. எனினும், இருளைப் பொறுத்துக்கொண்ட மக்கள் வானத்தைத் திரும்பப் பெற்றனர்.

புதைத்த கம்பியிலும் குரல் தெளிவாகக் கேட்பதற்கு வழி பிறந்த வரலாறு சுவையானது. ஒரு கம்பியின் மின்னோட்டம் அடுத்த கம்பியிலே தூண்டல் விளைப்பதால் அயலார் பேச்சு இடையிற் கேட்டது. இதற்குப் பெல் 1881ஆம் ஆண்டிலே உரிமம் பெற்ற தீர்வு, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்குவதாகும். முறுக்கிய இணையில் ஒரு கம்பி ஏற்கும் இடையூற்றை மற்றது ஈடுசெய்துவிடும். 1890க்குப் பின்னர், இவ்வாறு முறுக்கிக் கடதாசி சுற்றிய நூற்றுக்கணக்கான இணைகளை ஓர் ஈயக் குழாயில் அடக்கி, நிலத்தின் கீழ் இடும் முறை பரவிற்று. முறையின்றிப் பின்னிய கம்பி சிக்கலாயிற்று. முறையோடு பின்னிய கம்பி அச்சிக்கலுக்கு மருந்தாயிற்று.

சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரிலும் இதே கதை நிகழ்ந்தது. 1887ஆம் ஆண்டில் அங்கு எழுந்த தொலைபேசிக் கோபுரத்தில் ஏறக்குறைய 5,500 கம்பிகள் வந்து கூடின. கம்பிகள் நிலத்தின் கீழ்ப் புகுந்ததும், 1913ஆம் ஆண்டளவில் அக்கோபுரம் வேலையற்று நின்றது. 1952இல் தீக்கு இரையாகி, மறு ஆண்டு இடித்து அகற்றப்பட்டது.

இவ்வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். நியூயோர்க்கின் வானத்தில் தொங்கிய கம்பிகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகவே கட்டினர். சிக்கலை மட்டும் எவரும் கட்டவில்லை. ஆகவே, அதனை அவிழ்க்கும் கடமையும் எவருடையதாகவும் இருக்கவில்லை. இன்றும் ஆசிய நகரங்கள் பலவற்றில், பயனற்றுப்போன வடங்களின்மேல் புதிய வடங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. புதிய கம்பியைக் கட்டுகின்றவனே பழைய கம்பியைக் கழற்றவும் பொறுப்பாவான் என்னும் எளிய விதியை, நியூயோர்க் நகரம் ஒரு தொழிலாளியின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது. கற்றுக்கொள்ள அத்துணை விலை கொடுத்தல் ஏனைய நகரங்களுக்கு வேண்டுவதில்லை.