பஸரா முதல் பம்மல் வரை: வளரும் ஊர்களும் கலந்தாலோசனையும்

 

நமது பாலவனத்தம், 1901ஆம் ஆண்டு மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் என்பதை அனைவரும் அறிவோம். புலவர் அவையால் பெயர் பெற்ற இம்மண்ணில், மற்றோர் அவையைப் பற்றிச் சிந்திக்க விழைகிறோம். விரிந்து வரும் குடியிருப்புகளுக்குக் குடிநீர், சாலை, சுகாதாரம், பள்ளிக்கூடம் ஆகியவை எவ்வாறு அமைய வேண்டும் என்று மக்களே கூடிப் பேசும் அவை அது. நம்முடையது வானம் பார்த்த பூமி. இங்கே நிலம் மனையாவது எளிது. அம்மனைக்குத் தண்ணீர் வருவதே அரிது.

இச்சிக்கல் புதிதன்று. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஈராக்கில் பஸரா நகரம் உருவாயிற்று. படைவீரர்களின் பாசறையாகத் தொடங்கிய அது, சில ஆண்டுகளுக்குள் குடும்பங்கள் நிறைந்த பெருநகராயிற்று. மக்கள் பெருகினர், நன்னீர் இல்லை. பஸராவின் தூதுக்குழு கலீஃபாவைச் சந்தித்தபோது, அஹ்னஃப் இப்னு கைஸ் (ரஹ்) அவர்கள் எழுந்து தம் ஊரின் குறையை எடுத்துரைத்தார்கள். தங்கள் நிலம் உவர் நிலம் என்றும், நலிந்தவர்கள் குடிநீருக்காக இரண்டு ஃபர்ஸக் தொலைவு, அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் செல்ல வேண்டியுள்ளது என்றும், நீர் எடுக்கச் செல்லும் தாய் தன் குழந்தையை ஆட்டைக் கட்டுவதுபோல் கட்டிவைத்துச் செல்கிறாள் என்றும் விவரித்தார்கள். கலீஃபா அவர்கள், கால்வாய் வெட்டுமாறு ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு ஆணையிட்டார்கள். இச்செய்தியை வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்துள்ளார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அஹ்னஃப் அவர்கள் தமக்கென எதையும் கேட்கவில்லை. அவைக்கு வர இயலாத நலிந்தவருக்காகவும் தாய்க்காகவும் பேசினார்கள். தொலைவைக் கணக்கிட்டுப் பேசினார்கள்.

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். சென்னையின் புறநகரான பல்லாவரத்தில் 2001இல் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 2011இல் 2 லட்சத்து 15 ஆயிரமாக உயர்ந்தது. அதனை அடுத்த பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது. வீடுகள் பெருகிய வேகத்திற்கு வசதிகள் ஈடுகொடுக்கவில்லை. இந்நிலையில், 1990களில் பம்மல் சங்கரா நகர்ப் பெண்கள் சிலர் மன்றமாகக் கூடி, வீடுவீடாகக் குப்பை சேகரித்து உரமாக்கும் பணியைத் தொடங்கினர். அது பின்னர் பிற பகுதிகளுக்கும் விரிந்தது.

2021இல் பம்மலும் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தன. 2022 நவம்பர் 1ஆம் நாள் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றபோது, முதலமைச்சர் கலந்துகொண்டதும் அதே பம்மலில்தான்.

கிராமத்தாராகிய நமக்கு இந்த உரிமை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவார். ஆண்டுக்கு 4 முறை கூடிவந்த கிராம சபை, 6 முறை கூடும் என 2022இல் அரசு அறிவித்தது.

கலந்தாலோசனையின் சிறப்பை உணர்த்த, திருக்குர்ஆனில் 'அஷ்ஷூரா' என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உள்ளது. ஆயினும் ஜும்ஆவில் திரளும் நம்மில் எத்தனை பேர் கிராம சபையில் அமர்கிறோம்? பேசாத தெருவின் தேவை தீர்மானத்தில் ஏறுவதில்லை.

எனவே, ஒவ்வொரு கிராம சபைக்கு முன்பும் ஜமாஅத்தார் கூடி, புதுத் தெருக்களின் குறைகளைக் கணக்கெடுத்து எழுதுவது நலம். விதவைகள், வாடகைக் குடியிருப்போர், தண்ணீர் சுமக்கும் பெண்கள் ஆகியோரிடம் முதலில் கேட்க வேண்டும். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்தம் தேவையும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். குழாயும் சாலையும் அனைவருக்கும் பொதுவன்றோ!

நலிந்தோருக்காக அவையில் வாய்திறக்கும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.