பின்கால் தரையைத் தொடவில்லை

2009. மாற்றலாகி சூரத் வந்த புதிது. கடன் பிரிவில் என் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது. எம்ப்ராய்டரி மெஷின் வந்து இறங்கிவிட்டது, கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும் என்று மனு. ஆதாரமாக ஒரு போட்டோ. கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரையில் மெஷின் நிற்கிறது. கீழே அதன் பிம்பம் மெல்ல மங்கி மறைகிறது. அழகுதான். ஆனால் என்னவோ உறுத்தியது.

அந்த வருடங்களில் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தரையில் பிம்பம் விழும், ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் கவர் ஃப்ளோ என்று ஒன்றைச் சேர்த்தது. பாட்டு ஆல்பங்களின் அட்டைகள் கறுப்புத் தரையில் பிம்பத்தோடு வரிசையாக நிற்கும். அப்புறம் செல்போன் விளம்பரம், கம்பெனி லோகோ, ஏன், எங்கள் வங்கி சர்க்குலரின் முகப்பு வரை ஈரத்தரைதான்.

அதற்கு முன்னால் இது ஸ்டூடியோ வேலை. கறுப்புக் கண்ணாடியையோ அக்ரிலிக் பலகையையோ விரித்து, பொருளை அதன்மேல் வைத்துப் படம் எடுப்பார்கள். தூசி துடைத்தே கை ஓய்ந்துவிடும். நோல் சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. ஆனால் அதில் லேயர் கிடையாது. ஒட்டிய படம் ஒட்டியதுதான், பிறகு தனியே நகர்த்த முடியாது. 1994-ல் மூன்றாம் பதிப்பில் லேயர் வந்ததும் வேலை சுலபமாகிவிட்டது. படத்தைப் பிரதி எடு, தலைகீழாகத் திருப்பு, கீழே ஒட்டு, மாஸ்க் போட்டு மங்க வை. ஐந்து நிமிடம்.

நேருக்கு நேர் எடுத்த ஆல்பம் அட்டைக்கு இது பொருந்தும். கொஞ்சம் மேலிருந்து, மூலைவாட்டில் எடுத்த படத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜமான பிம்பம், தரைக்கு அடியிலிருந்து பார்த்தால் பொருள் எப்படித் தெரியுமோ அப்படி இருக்கும். மேஜையின் மேல்பலகை நமக்குத் தெரிந்தாலும் பிம்பத்தில் அடிப்பாகம்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு காலும் தன் பிம்பத்தின் காலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மெஷினின் முன்கால்கள் தொட்டன. பின்காலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி!

(2012-ல் ஜேம்ஸ் ஓ'ப்ரையன், ஹானி ஃபரித் என்ற இருவர் இதைக் கணக்காகவே எழுதினார்கள். பொருளின் புள்ளிகளையும் பிம்பத்தில் அவற்றுக்கு இணையான புள்ளிகளையும் கோடுகளால் இணைத்து நீட்டினால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். போகாவிட்டால் ஒட்டு வேலை. எனக்கு மூன்று வருடம் லேட்.)

போலிப் படம், மெஷினே இல்லை என்று முடிவு கட்டி ஃபைலை நிறுத்தினேன். நேரில் ஆய்வு செய்ய தேதி கிடைக்கவே ஐந்து வாரம் ஆயிற்று.

போய்ப் பார்த்தால், தகரக் கொட்டகையில், பெயர்ந்துபோன சிமெண்ட் தரையில், அதே மெஷின்! அதே சீரியல் நம்பர். பாக்கித்தொகை வராததால் விற்றவர்கள் ஆளனுப்பி ஓட்டிக் காட்டவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. தீபாவளி ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது.

"போட்டோவில் ஏன் அப்படி?" என்றேன்.

"தரை அசிங்கமா இருந்துச்சு ஸாஹேப். பேங்குக்குக் கொடுக்கற படமாச்சேன்னு ஸ்டூடியோக்காரர்கிட்ட நூறு ரூபா கொடுத்து அழகா பண்ணச் சொன்னேன்" என்றார் இந்தியில்.

மறுநாளே பணத்தை விடுவித்தேன். அவர் கொடுத்த டீயை அன்று என்னால் முழுசாகக் குடிக்க முடியவில்லை.